லினக்ஸில் வன்பொருள் உணரிகளைக் கண்காணித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியின் வெப்பநிலை, மின்னழுத்தம், மின்விசிறியின் வேகம் ஆகியவற்றை லினக்ஸில் படிப்பது பற்றி அடிக்கடி எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே தரப்படுகின்றன. தேவையான மென்பொருளை நிறுவுவது சில நிமிட வேலைதான். திரையில் வரும் எண்களில் எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று தீர்மானிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். ஆகவே பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

உணரிகள் கணினிக்குள் எங்கே இருக்கின்றன?

ஓர் இடத்தில் அல்ல, பல இடங்களில் இருக்கின்றன. பிராசசரின் சிலிக்கானுக்குள்ளேயே வெப்ப உணரிகள் பதிக்கப்பட்டுள்ளன. மதர்போர்டில் சூப்பர் ஐஓ எனப்படும் ஒரு சிப் இருக்கும். மின்விசிறிகளின் வேகம், மின்னழுத்தங்கள், போர்டின் சில இடங்களின் வெப்பநிலை ஆகியவற்றை அதுவே அளக்கிறது. இந்தச் சிப்பைப் பெரும்பாலும் நுவோட்டான், ஐடிஇ, ஃபின்டெக் ஆகிய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. இவை தவிர ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றுக்குச் சொந்த உணரிகள் உண்டு. டிடிஆர்5 நினைவகத் தகடுகளிலும் உண்டு. மடிக்கணினியில் எம்பெடட் கன்ட்ரோலரும் சர்வர்களில் பிஎம்சி என்னும் தனிக் கட்டுப்பாட்டுச் சிப்பும் இந்த வேலையின் பெரும்பங்கை ஏற்றுக்கொள்கின்றன.

லினக்ஸ் இவற்றை எவ்வாறு படிக்கிறது?

ஒவ்வொரு வகைச் சிப்புக்கும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், அதைப் படிக்கும் தனித்தனி டிரைவர் உண்டு. அந்த டிரைவர்கள் எல்லாம் எச்டபிள்யூமான் என்னும் ஒரே சட்டகத்தின் கீழ்த் தங்கள் அளவுகளைச் சாதாரணக் கோப்புகளாக வெளிப்படுத்துகின்றன. சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் எச்டபிள்யூமான் என்று சென்றால் எச்டபிள்யூமான்0, எச்டபிள்யூமான்1 என வரிசையாக அடைவுகள் இருப்பதைக் காணலாம். அவற்றில் டெம்ப்1_இன்புட் என்ற கோப்பைத் திறந்தால் 42000 என்று இருக்கும். அதன் பொருள் 42 டிகிரி செல்சியஸ் என்பதே. வெப்பநிலை மில்லி டிகிரியிலும், மின்னழுத்தம் மில்லிவோல்ட்டிலும், மின்னோட்டம் மில்லி ஆம்பியரிலும், மின்திறன் மைக்ரோவாட்டிலும், விசிறியின் வேகம் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கிலும் எழுதப்படும். எந்த மென்பொருளும் நிறுவாமல் கோப்பின் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும் கேட் கட்டளை ஒன்றைக் கொண்டே இவற்றைப் படித்துவிடலாம்.

அப்படியானால் எல்எம்-சென்சார்ஸ் எதற்கு?

மேற்சொன்ன கோப்புகளைத் திரட்டி, பெயரிட்டு, தேவையான இடத்தில் பெருக்கி வகுத்து, மனிதர் படிக்கக்கூடிய வடிவில் தருவதற்கு. எல்எம்75, எல்எம்78 என்னும் நேஷனல் செமிகண்டக்டர் சிப்புகளை லினக்ஸில் படிப்பதற்கென 1990-களின் இறுதியில் தொடங்கிய திட்டம் இது. பெயரும் அந்தச் சிப்புகளிலிருந்தே வந்தது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் தொகுப்பின் பெயரில் நடுவே சிறுகோடு இருக்கும். ஃபெடோரா, ஆர்ச் ஆகியவற்றில் அதே இடத்தில் அடிக்கோடு இருக்கும். நிறுவியபின் சென்சார்ஸ்-டிடெக்ட் கட்டளையை ரூட் (நிர்வாகி) அனுமதியுடன் ஒருமுறை இயக்கி, அது பரிந்துரைக்கும் டிரைவர்களை ஏற்றினால், பிறகு சென்சார்ஸ் என்ற ஒரே கட்டளை போதும். அதனுடன் -யூ சேர்த்தால் மூல எண்கள் வரும். -ஜே சேர்த்தால் நிரல்கள் படிக்க வசதியான ஜேசன் வடிவில் வரும்.

சென்சார்ஸ்-டிடெக்ட் வரிசையாகக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் 'ஆம்' என்று சொல்லலாமா?

வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் அது முன்வைக்கும் இயல்பான விடையை ஏற்று, என்டர் விசையை அழுத்திச் செல்வதே முறை. அபாயம் குறைந்த சோதனைகளுக்கு 'ஆம்' என்றும், அபாயம் கூடிய சோதனைகளுக்கு 'இல்லை' என்றும் அந்த நிரலே முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருக்கும்.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சிப்புகள் தகவல் பரிமாறும் எஸ்எம்பஸ் என்னும் தடத்தில் எந்தச் சிப் எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்டறிய ஒழுங்கான வழி கிடையாது. ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்த்து, பதில் வருகிறதா என்று கவனிக்க வேண்டியதுதான். ஐபிஎம்மின் பழைய திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் 24ஆர்எஃப்08 என்னும் நினைவகச் சிப் அந்தத் தடத்தில் அமர்ந்திருந்தது. உணரியைத் தேடி அனுப்பிய அந்தத் தட்டலை எழுதும் ஆணையாக எடுத்துக்கொண்டு அது தன் உள்ளடக்கத்தையே கெடுத்துக்கொண்டது. அடுத்த முறை கணினியை இயக்கியபோது சிஆர்சி பிழை (தரவு கெட்டிருக்கிறது) என்ற செய்தியோடு எந்திரம் நின்றுவிட்டது. இன்றைய கணினிகளில் இத்தகைய விபத்து அரிது. ஆயினும், பயன்பாட்டில் உள்ள சர்வரில் வேலை நேரத்தில் இந்தச் சோதனையை ஓட்டுவது அறிவுடைமை ஆகாது.

சிப் கண்டறியப்பட்டது; ஆனால் டிரைவர் ஏற மறுக்கிறது. ஏன்?

கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவைப் பாருங்கள். ஏசிபிஐ (இயங்குதளத்துக்கு வன்பொருளை விவரிக்கும் ஃபர்ம்வேர் அமைப்பு) முகவரி மோதல் பற்றிய வரி ஒன்று இருந்தால், அந்தச் சிப்பின் முகவரிகளைத் தன்னுடையவை என்று மதர்போர்டில் பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேர் அறிவித்திருக்கிறது என்று பொருள். ஃபர்ம்வேரும் கெர்னல் டிரைவரும் ஒரே சிப்பின் பதிவேடுகளை (உள் நினைவிடங்களை) ஒருவருக்கொருவர் தெரியாமல் மாற்றி எழுதினால் தவறான அளவு வரலாம், விசிறியின் வேகமும் தாறுமாறாகலாம்; அதனால்தான் கெர்னல் விலகி நிற்கிறது.

இதைத் தாண்டிச் செல்ல ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ் என்ற தொடக்க அளவுருவுக்கு லாக்ஸ் என மதிப்பளிக்கும்படி பலரும் அறிவுறுத்துவார்கள். அது வேலை செய்யும். ஆனால் அந்தத் தளர்வு ஒரு சிப்புக்கு மட்டுமன்றி எல்லாச் சாதனங்களுக்கும் பொருந்திவிடும். ஐடி87 டிரைவரில் இந்த ஒரு மோதலை மட்டும் புறக்கணிக்கும் தனி விருப்பத்தேர்வு உண்டு. இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துவதே மேல். ஏசூஸ் போர்டுகள் பலவற்றுக்கு ஃபர்ம்வேரின் வழியாகவே படிக்கும் டிரைவர்கள் அண்மைக்காலக் கெர்னல்களில் சேர்ந்துள்ளதால், வேறெதையும் முயல்வதற்கு முன் கெர்னலைப் புதுப்பித்துப் பார்ப்பது நல்லது.

சென்சார்ஸ் காட்டும் பட்டியலில் எந்த எண் எதைக் குறிக்கிறது?

முதலில் ஒவ்வொரு பகுதியின் தலைப்பில் உள்ள டிரைவரின் பெயரைப் பார்க்க வேண்டும். எண்ணின் நம்பகத்தன்மை அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கோர்டெம்ப் என்றிருந்தால் அது இன்டெல் பிராசசரின் உள் உணரி. இந்த உணரி வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலைக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் இருக்கிறது என்பதையே அது சொல்கிறது. உச்சம் 100, பதிவேட்டில் உள்ள எண் 58 என்றால், டிரைவர் கழித்துப் பார்த்து 42 டிகிரி என்று அறிவிக்கிறது. உச்சத்தை நெருங்கும்போது மிகச் சரியாக இருக்கும்படியே இந்த உணரி வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆகவே கணினி சும்மா இருக்கும்போது ஒரு கோர் 34 என்றும் பக்கத்துக் கோர் 39 என்றும் காட்டினால் அதில் ஆராய ஒன்றுமில்லை. 90-க்கு மேல் காட்டினால் அதை அப்படியே நம்பலாம்.

கே10டெம்ப் என்பது ஏஎம்டி பிராசசர்; அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லப்பட்டுள்ளது. என்விஎம்இ என்பது எஸ்எஸ்டி. எண்ணும் எழுத்தும் கலந்த என்சிடி6798, ஐடி8728 போன்ற பெயர்கள் மதர்போர்டின் சூப்பர் ஐஓ சிப்பைக் குறிக்கும். மிகவும் பயனுள்ள எண்களும் மிகவும் ஏமாற்றும் எண்களும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் கலந்து கிடக்கும். காரணம் எளியது: சிப்பின் எந்தக் காலில் (இணைப்பு முனையில்) எதை இணைத்திருக்கிறார்கள் என்பது மதர்போர்டைத் தயாரித்தவருக்குத்தான் தெரியும், சிப்புக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது.

ஏசிபிஐடிசட் என்ற பகுதி ஃபர்ம்வேர் சொல்லும் வெப்பநிலை. மேசைக் கணினிகளில் அது பெரும்பாலும் 27.8 என்பது போன்ற மாறாத ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் புறக்கணிக்கலாம்.

ஓர் உணரி 127 டிகிரி என்றும் மற்றொன்று மைனஸ் 62 என்றும் காட்டுகின்றன. கணினி பழுதாகிவிட்டதா?

இல்லை. எதனோடும் இணைக்கப்படாத காலைச் சிப் அளந்துகொண்டிருக்கிறது. ஆக்ஸ்டின்0, ஆக்ஸ்டின்1 என்ற பெயர்களில் இது மிகவும் சாதாரணம். மெய்யான உணரியை அடையாளம் காண எளிய சோதனை ஒன்று உண்டு. காற்றால் குளிர்விக்கப்படும் எந்தப் பாகமும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. அறை 32 டிகிரி இருக்கும்போது 16.8 என்று காட்டும் உணரி பொய் சொல்கிறது. அடுத்து, ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற நிரலைக் கொண்டு பிராசசருக்குச் சில நிமிடங்கள் முழுச் சுமை கொடுத்துவிட்டுக் கவனியுங்கள். சுமையோடு ஏறி, சுமை நீங்கியதும் இறங்கும் எண் ஏதோ ஒன்றை உண்மையாக அளக்கிறது.

சிபியூடின் என்ற பெயரைக் கண்டதும் அதுவே பிராசசரின் வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என்சிடி6776எஃப் சிப் கொண்ட பல ஏசூஸ் போர்டுகளில் அந்தக் கால் எதனோடும் முறையாக இணைக்கப்படவில்லை என்றும், உண்மை வெப்பம் ஏறும்போது அந்த எண் இறங்குவதுகூட உண்டு என்றும், ஏசூஸ் போர்டுகளில் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் கெர்னலின் ஆவணமே கூறுகிறது.

ஏஎம்டி ரைசனில் டிசிடிஎல், டிடை என இரண்டு எண்கள் வருகின்றன. எது சரி?

டிடைதான் சிலிக்கானின் உண்மை வெப்பநிலை. டிசிடிஎல் என்பது விசிறியைக் கட்டுப்படுத்துவதற்கென்று பிராசசர் தரும் அளவு. சில மாடல்களில் அதில் வேண்டுமென்றே ஒரு தொகை கூட்டப்பட்டிருக்கும். ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவற்றில் 20 டிகிரியும், 2700எக்ஸில் 10 டிகிரியும், முதல் தலைமுறை த்ரெட்ரிப்பரில் 27 டிகிரியும் கூடுதலாகக் காட்டும். பின்வந்த மாடல்களில் இந்த வேறுபாடு இல்லை. அங்கே டிசிடிஎல் மட்டுமே வந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளலாம். டிசிசிடி1, டிசிசிடி2 என்பவை கோர்கள் அமைந்த தனித்தனிச் சில்லுகளின் வெப்பநிலைகள்.

12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1 வோல்ட் காட்டுகிறது. மின்வழங்கி கெட்டுவிட்டதா?

மின்வழங்கி 1 வோல்ட் மட்டும் கொடுத்தால் இந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்யவே கணினி ஓடியிருக்காது. சூப்பர் ஐஓ சிப்பால் ஓரிரு வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தையே நேரடியாக அளக்க முடியும். ஆகவே 12 வோல்ட் கம்பியை இரண்டு மின்தடைகளால் பங்கிட்டு, குறைந்த பகுதியைத்தான் சிப்பின் காலுக்கு அனுப்புகிறார்கள். அந்த விகிதம் போர்டுக்குப் போர்டு மாறும்.

எடுத்துக்காட்டாக, இன்4 என்ற வரி 1.008 வோல்ட் காட்டுகிறது, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில் 12.1 காட்டுகிறது என்றால், விகிதம் 12 என்று ஊகிக்கலாம். ஈடிசி அடைவிலுள்ள சென்சார்ஸ்.டி அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி, சிப்பின் பெயரை ஒரு வரியிலும், «கம்ப்யூட் இன்4 @*12, @/12» என்பதை அடுத்த வரியிலும் எழுதினால், இனி 12.096 என்று காட்டும். லேபிள் என்ற சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரும் சூட்டலாம். இக்னோர் என்ற சொல்லைக் கொண்டு முன்பு சொன்ன வெற்றுக் கால்களைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். உங்கள் போர்டுக்கான விகிதங்களை வேறொருவர் ஏற்கெனவே எழுதி வெளியிட்டிருக்கக்கூடும். ஆயினும் மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலன்றி அதை நகலெடுக்க வேண்டாம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நுவோட்டான் சிப்புகளின் அளவீட்டுப் படி 8 மில்லிவோல்ட். 12-ஆல் பெருக்கும்போது அது 96 மில்லிவோல்ட் ஆகிவிடுகிறது. 12.000, 12.096, 12.192 என்று எண் தாவுவதைக் கண்டு மின்வழங்கி தடுமாறுவதாக முடிவு கட்டக் கூடாது. சிப்பால் அதைவிட நுணுக்கமாகப் பார்க்க இயலவில்லை, அவ்வளவுதான். ஏடிஎக்ஸ் வரையறையின்படி 12 வோல்ட் கம்பி 5 சதவீதம் ஏறி இறங்கலாம், அதாவது 11.40 முதல் 12.60 வரை இருக்கலாம். எல்லைக்கு வெளியே காட்டினால் மின்வழங்கியை மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள்.

பல வரிகளின் இறுதியில் அலாரம் என்று வருகிறதே?

சிப்பின் குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளைப் பயாஸ் நிரப்பாமல் விட்டிருக்கும். இரண்டும் 0 என்றால் எந்த மின்னழுத்தமும் எல்லை மீறியதாகவே தோன்றும். அமைப்புக் கோப்பில் செட் என்ற சொல்லால் சரியான எல்லைகளை எழுதி, சென்சார்ஸ் -எஸ் கட்டளையை ரூட் அனுமதியுடன் இயக்கினால் அலாரம் மறையும்.

விசிறி 0 சுற்று காட்டுகிறது.

அந்த இணைப்பில் விசிறியே இல்லாமல் இருக்கலாம். வேகம் சொல்லும் கம்பி இல்லாத இரண்டு கம்பி விசிறியாக இருக்கலாம். குறைந்த வெப்பத்தில் தானே நின்றுவிடும் வகையாகவும் இருக்கலாம். பெட்டியைத் திறந்து கண்ணால் பார்ப்பதே விரைவான வழி. உண்மை வேகத்தைவிடச் சரியாக இரு மடங்கோ பாதியோ காட்டினால், ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்புகள் என்ற கணக்கு தவறியிருக்கிறது. வழக்கமான விசிறி சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் தரும்.

விசிறியின் வேகத்தை லினக்ஸிலிருந்தே கட்டுப்படுத்தலாமா?

முடியும், ஆனால் முதலில் பயாஸில் உள்ள விசிறி வளைவை (எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்ற வரையறையை) அமைத்துப் பாருங்கள், பெரும்பாலோர்க்கு அதுவே போதும். பிடபிள்யூஎம்1 என்ற கோப்பில் 0 முதல் 255 வரை எழுதி வேகத்தை மாற்றலாம். பிடபிள்யூஎம்1_எனேபிள் கோப்பில் 1 என்று எழுதினால்தான் கட்டுப்பாடு நம் கைக்கு வரும். இதைத் தானியங்கியாகச் செய்ய ஃபேன்கன்ட்ரோல் நிரலும், அதற்கான அமைப்பைத் தயாரிக்க பிடபிள்யூஎம்கான்ஃபிக் நிரலும் உள்ளன. பின்னது எந்தக் கட்டுப்பாடு எந்த விசிறிக்கு உரியது என்று கண்டறிவதற்காக ஒவ்வொரு விசிறியையும் நிறுத்திப் பார்க்கும். ஆகவே கணினி சுமையின்றி இருக்கும்போது மட்டுமே அதை இயக்க வேண்டும். ஃபேன்கன்ட்ரோல் திடீரென்று கொல்லப்பட்டால் விசிறி கடைசியாகப் பெற்ற வேகத்திலேயே மாறாமல் இருந்துவிடும் என்பதால், மிகக் குறைந்த வேகத்தை 0 என்று வைக்காதீர்கள்.

வட்டுகளின் வெப்பநிலையைப் பார்ப்பது எப்படி?

என்விஎம்இ எஸ்எஸ்டிக்குக் கெர்னல் 5.5 முதலும், சாட்டா வட்டுகளுக்கு 5.6 முதலும் ஆதரவு உள்ளது. இரண்டும் 2020-இல் வெளிவந்தவை. சாட்டாவுக்கான டிரைவ்டெம்ப் தானாக ஏறாது. மாட்ப்ரோப் கட்டளையால் ஏற்றி, தொடக்கத்திலேயே ஏற்றப்படும் டிரைவர்களின் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். அதன்பின் ரூட் அனுமதி இல்லாமலே வட்டின் வெப்பநிலையைப் படிக்கலாம்.

என்விஎம்இ வரியில் கீழெல்லை மைனஸ் 273.1 என்றும் மேலெல்லை 65261.8 என்றும் கண்டு பலர் திடுக்கிடுகிறார்கள். வட்டு தன் எல்லைகளைக் கெல்வினில், 16 பிட் எண்ணாக வைத்திருக்கிறது. யாரும் நிரப்பாத கீழெல்லை 0, மேலெல்லை 65535, இரண்டிலிருந்தும் 273.15 கழித்தால் அந்த எண்கள் கிடைக்கும். காம்போசிட் என்ற வரியையும், அதில் கிரிட் என்று தயாரிப்பாளர் குறித்த எல்லையையும் மட்டும் கவனித்தால் போதும்.

பயன்படாத நேரத்தில் உறங்க வேண்டிய ஹார்ட் டிஸ்க்குகளை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவும். சில மாடல்களில் வெப்பநிலையைப் படிப்பதே உறக்கத்துக்கான கடிகாரத்தை மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் அந்த வட்டு உறங்கவே உறங்காது.

கிராபிக்ஸ் கார்டு?

ஏஎம்டி கார்டுகள் சென்சார்ஸ் பட்டியலிலேயே வரும். எட்ஜ் என்பது சில்லின் ஓர வெப்பநிலை, ஜங்ஷன் என்பது அதன் மிகச் சூடான இடம். என்விடியாவின் சொந்த டிரைவர் எச்டபிள்யூமானில் சேர்வதில்லை. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். மடிக்கணினியில் அந்தக் கட்டளையை ஓயாமல் இயக்கினால் உறங்கும் கார்டு விழித்துக்கொண்டு பேட்டரியைக் குடிக்கும்.

நேற்று எழுதிய ஸ்கிரிப்ட் இன்று வேறு உணரியைப் படிக்கிறது. ஏன்?

எச்டபிள்யூமான்2 என்பது நிலையான முகவரி அன்று. டிரைவர்கள் ஏறும் வரிசைக்கேற்ப ஒவ்வொரு தொடக்கத்திலும் அந்த எண் மாறலாம். ஒவ்வோர் அடைவிலும் உள்ள நேம் கோப்பைப் படித்து, அதில் கோர்டெம்ப் என்றோ நாம் தேடும் வேறு பெயரோ இருக்கும் அடைவைத் தேர்ந்தெடுக்குமாறு ஸ்கிரிப்டை எழுத வேண்டும். ஒரே வகைச் சாதனம் இரண்டு இருந்தால் அந்த அடைவிலுள்ள டிவைஸ் இணைப்பு எங்கே போகிறது என்பதையும் ஒப்பிட வேண்டும்.

தொடர்ந்து பதிவு செய்து எச்சரிக்கை பெற எது நல்லது?

ஒரே கணினிக்கு, மேசைத் திரையில் பார்த்துக்கொள்ள, கேடிஇயின் சிஸ்டம் மானிட்டரோ க்னோமுக்கான வைட்டல்ஸ் நீட்சியோ போதும். பல எந்திரங்கள் இருந்தால் அளவுகளைச் சேமித்து வைக்கும் ப்ரொமிதியஸும், அதற்கு ஒவ்வோர் எந்திரத்தின் அளவுகளைத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரும் பொருத்தமானவை. எச்டபிள்யூமான் அளவுகளை அது இயல்பாகவே திரட்டும். சர்வர்களில் ஐபிஎம்ஐடூல் வழியாகப் பிஎம்சியைக் கேட்பதே சிறந்தது, ஏனெனில் இயங்குதளம் உறைந்துபோன பின்னும் பிஎம்சி பதில் சொல்லும். எதை வைத்தாலும் விநாடிக்குப் பலமுறை படிப்பதில் பயனில்லை. சூப்பர் ஐஓ டிரைவர்கள் ஒருமுறை படித்த அளவை ஒரு விநாடிக்கோ சற்றுக் கூடுதலாகவோ கையில் வைத்துக்கொண்டு அதையே திருப்பித் தரும்.

எத்தனை டிகிரியில் கவலைப்பட வேண்டும்?

எல்லாக் கணினிக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. ரைசன் 7000 வரிசை முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொடும்படியே வடிவமைக்கப்பட்டது. அதே 95-ஐ என்விஎம்இ எஸ்எஸ்டி காட்டினால் உடனே கவனிக்க வேண்டும். எண்ணைவிட, பிராசசர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறதா என்பதே தெளிவான அடையாளம். இன்டெல்லில் ஒவ்வொரு சிபியூ அடைவின் கீழும் தெர்மல்_த்ராட்டில் என்ற அடைவில் அதன் எண்ணிக்கை இருக்கும். வேலை செய்யும்போது அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், விசிறியின் தூசியையும் வெப்பப் பசையையும் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ராஸ்பெர்ரி பையில் எல்எம்-சென்சார்ஸ் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் அங்கே அந்தச் சிறு கணினிக்கே உரிய விசிஜென்சிஎம்டி கட்டளையே அதிகம் சொல்லும். மெஷர்_டெம்ப் வெப்பநிலையைத் தரும். கெட்_த்ராட்டில்டு தரும் எண்ணின் முதல் பிட், மின்னழுத்தம் இப்போது குறைவாக இருக்கிறது என்பதைக் காட்டும். பையின் தடுமாற்றங்களுக்கு வெப்பத்தைவிட மெல்லிய யூஎஸ்பி கேபிளே காரணமாக இருப்பதை அடிக்கடி காணலாம்.

மெய்நிகர் கணினிக்குள் ஏன் எதுவும் தெரியவில்லை?

அங்கே உணரிகள் இல்லை. அதைத் தாங்கும் எந்திரத்தில்தான் பார்க்க வேண்டும்.

பிஎஸ்டி வகை இயங்குதளங்களில்?

ஓப்பன்பிஎஸ்டியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. உணரிகளைத் தேடும் வேலையைக் கெர்னலே செய்துவிடுகிறது. சிஸ்கன்ட்ரோல் கட்டளையில் எச்டபிள்யூ.சென்சார்ஸ் என்று கேட்டால் பட்டியல் வரும். எல்லை மீறினால் செயல்பட சென்சார்ஸ்டி என்னும் பின்னணி நிரலும் அடிப்படை நிறுவலிலேயே உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் இன்டெல்லுக்கு கோர்டெம்ப், ஏஎம்டிக்கு ஏஎம்டிடெம்ப் என்ற டிரைவரைக் கேஎல்டிலோட் கட்டளையால் ஏற்றினால், ஒவ்வொரு கோரின் வெப்பநிலையும் சிஸ்கன்ட்ரோலில் டெவ்.சிபியூ என்ற கிளையின் கீழ்க் கிடைக்கும்.